மிளகு வைத்த மிச்சம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு நாய்க்கென்று தனியாகச் சமையல் கிடையாது. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பானையில் ஒட்டியிருக்கும் சோறு, ரசத்தின் அடிவண்டல், புளித்துப்போன தயிர் எல்லாம் கொல்லைப்புறத்து நசுங்கிய அலுமினியத் தட்டில் விழும். காலையில் பார்த்தால் தட்டு கழுவி வைத்த மாதிரி இருக்கும். மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வியே அங்கே எழாது, நாய் இருந்தது. கனடாவில் டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவுக்கு வந்து மூன்றாம் வருஷம் நாய் வாங்கியபோதுதான், நாயே மிச்சம் வைக்கும் என்ற சங்கதி எனக்குத் தெரிந்தது.

பெண்ணின் நச்சரிப்பு தாங்காமல் வாங்கியது அது. யார்க்‌ஷயர் டெரியர் என்ற சின்ன உடம்பு ஜாதி. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது ஒன்பது வார வயசு, 900 கிராம் எடை. கறுகறுவென்று ஒரு உருண்டை. ஊரிலிருந்து ஆறு மாசம் தங்கிப்போக வந்திருந்த என் மாமியார் பார்த்த மாத்திரத்தில் “மிளகு மாதிரி இருக்குடி” என்றார். பெயர் வைத்தாகிவிட்டது.

கால்நடை டாக்டரும் தீவனப் பையின் அட்டவணையும் ஒன்றுபோலச் சொன்ன கணக்கு, நாளைக்கு 44 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 11 கிராம். சமையலறைத் தராசில் அதை நிறுத்துப் போடும்போது நகைக்கடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இது காக்காய்க்கே காணாதே!”

காணும் என்பதுதான் விஷயம். இந்த ஜாதிக் குட்டிகளுக்கு வயிறு சின்னது, உடம்பு எரிக்கும் வேகம் அதிகம். உடம்பில் கொழுப்பும் கிடையாது, ஈரலில் சேமிப்பும் குறைவு. அதனால் ஒரே வேளையாகக் கொட்டவும் கூடாது, ஒரு வேளையைத் தவறவிடவும் கூடாது. மூன்று நான்கு மாசம் வரை நாலு வேளை, ஆறு மாசம் வரை மூன்று, அப்புறம் இரண்டு போதும். பெரிய நாய்க்குட்டிக்கான உருண்டையை இது கடிக்கவும் முடியாது. பையில் சிறிய இனக் குட்டி, வளர்ச்சிக் காலம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வேளை தவறினால் என்ன ஆகும் என்பதை இரண்டாவது வாரமே பார்த்துவிட்டோம். காலையில் மிளகு தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. பசித்தால் தானே வரும் என்று நான் வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். பெண்ணோடு ஒரு மணி நேரம் பந்து விரட்டியது. அப்புறம் கால் பின்னிக்கொண்டு நடந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை, சோபா ஓரத்தில் தலை தொங்க நின்றது. நான் போனில் மருத்துவமனை எண்ணைத் தேடிக்கொண்டிருக்க, அத்தை தேன் பாட்டிலை எடுத்து விரலில் தொட்டு அதன் ஈறில் தடவிவிட்டார். “சர்க்கரை இறங்கிப்போச்சுடி. உங்க மாமாவுக்கு எத்தனை தடவை பார்த்திருக்கேன்!” போனில் கிடைத்த நர்ஸும் அதையேதான் சொன்னார்: வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், ஈறில் தடவிவிட்டு உடனே கொண்டு வாருங்கள். அன்றைக்கு அத்தைக்கு வீட்டில் கிடைத்த மரியாதை தனி.

அந்த மரியாதையில்தான் அடுத்த வம்பு வந்தது. குட்டிக்குப் பல் சிறிசு என்பதால் உலர் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துக் கொடுப்போம். மிளகு பாதி தின்னும், பாதியை விட்டுவிடும். கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிட வேண்டும். ஊறியது ஈரத்தீவனத்துக்குச் சமம், வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகிவிடும். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் அத்தைக்கு அன்னத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. எனக்குத் தெரியாமல், மிஞ்சியதைத் தட்டோடு பின்பக்கத்து மரத்தளத்தில் வைத்திருக்கிறார். ஏதாவது ஒரு ஜீவன் தின்னுமே!

தின்றது. ஒரு அம்மாவும் மூன்று குட்டிகளுமாக ரக்கூன்கள், ராத்திரியில் குப்பைத் தொட்டியைக் கிளறித் தின்னும் காட்டுப் பிராணிகள். டொராண்டோக்காரர்களுக்கும் ரக்கூனுக்கும் நடக்கும் சண்டை ஊரறிந்தது. அவை திறக்க முடியாதபடி பூட்டு வைத்த பச்சைத் தொட்டியை, சாப்பாட்டுக் கழிவு போடுவதற்கென்று, நகராட்சி 2016-இலிருந்து வீடு வீடாகக் கொடுத்தது. நாங்கள் தொட்டியைப் பூட்டிவிட்டு, வாசலில் இலை போட்டிருக்கிறோம். போதாததற்கு, 2023 ஏப்ரலிலிருந்து சொந்த மனையில்கூட காட்டுயிர்களுக்கு உணவு வைப்பது இங்கே விதிமீறல்.

டாக்டர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. ரக்கூன் நக்கிய தட்டைக் கழுவி மறுபடி மிளகுக்கு வைத்திருந்தோம். டிஸ்டெம்பர் என்பது நாயின் உயிருக்கே ஆபத்தான வைரஸ் நோய், மிளகுக்கு அதற்கான தடுப்பூசி வரிசை முடிந்திருக்கவில்லை. ரக்கூன்களிடம் அந்த நோய் உண்டு. அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டேன். நல்ல எவர்சில்வர் தட்டு. அத்தை அதற்கும் வருத்தப்பட்டார்.

இப்போது மிஞ்சியது நேராகப் பச்சைத் தொட்டிக்குப் போகிறது. டப்பா உணவு என்றால் சுத்தமான கரண்டியால் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை உடனே மூடி 4 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். மூன்று நாளில் தீர்க்க வேண்டும். பெரிய டப்பா இந்த உடம்புக்கு அதற்குள் தீராது. அதனால் ஐஸ் தட்டில் கட்டி கட்டியாக உறையவைத்துக்கொள்கிறேன். பழைய தயிர் டப்பாவில் மட்டும் வைப்பதில்லை. ஒருநாள் இவர் அதைத் திறந்து, துவையல் என்று நினைத்து சாதத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். வாய்க்குப் போவதற்குள் பெண் கத்திவிட்டாள்.

உலர் தீவனத்தை அரிசி மாதிரி டிரம்மில் கொட்டி வைக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கூடாதாம். பையோடு டிரம்மில் இறக்கி, வாயை மடித்து வைக்க வேண்டும். பையில்தான் தொகுதி எண்ணும் தேதியும் இருக்கின்றன. நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெறுகிறது என்று செய்தி வந்தால் எதை வைத்துப் பார்ப்பது? 2012-இல் உலர் நாய்த்தீவனத்திலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 49 பேருக்கு சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றியது. நாய் தின்னும் பண்டம்தானே என்று தொட்ட கையோடு சாதம் பிசைய முடியாது. தட்டுக்குத் தனி ஸ்பாஞ்ச், வேளைக்கு ஒரு தரம் சோப்பும் சுடுதண்ணீரும். கோடையில் கராஜ் அடுப்பாகிவிடும், கொழுப்பு சிக்கெடுக்கும் என்று பையையும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

நம் சாப்பாட்டைக் கொடுப்பதில்லை. வெங்காயம், பூண்டு, பாயசத்துத் திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். இவை இல்லாமல் நம் வீட்டில் என்ன மிஞ்சும்? ஊரில் அந்த நாய் எப்படிப் பிழைத்தது என்று அத்தை கேட்டார். அது பெரிய உடம்பு, தட்டில் விழுந்ததும் பெரும்பாலும் சோறுதான் என்றேன். முழுசாக நம்பவில்லை.

அக்டோபரில் அத்தை ஊருக்குக் கிளம்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும் முதல் கேள்வி மிளகைப் பற்றித்தான். “இன்னிக்கு எத்தனை மிச்சம் வச்சுது?” மூன்று உருண்டை என்றேன். பின்னால் கொல்லைப்புறத்தில் அலுமினியத் தட்டு உருளும் சத்தம் கேட்டது.