அருணாக்கயிற்றுக்கு அடியில் இருந்த கறுப்புப் பொருக்கு

குழந்தைக்குக் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியும் விடவில்லை என்றால், ரத்தப் பரிசோதனையோடு உடம்பையும் உச்சி முதல் பாதம் வரை பார்க்கச் சொல்லுங்கள். என் மகனுக்கு நோய் பிடிபட்டது அப்படித்தான்.

வீடு சென்னை கொடுங்கையூரில். மழை விட்டதும் காலி மனைகளில் புதர் மண்டிவிடும். பந்து விழுந்தால் பிள்ளைகள் அதற்குள் புகுந்துதான் தேடுவார்கள். கார்த்திகைக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சலும் தலைவலியும் ஆரம்பித்தன. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் காய்ச்சல் என்றாலே டெங்கு பயம்தான். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது; ஆனால் பிளேட்லெட் குறைந்துகொண்டே போனது. கிளினிக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் ராத்திரியானால் 103 டிகிரி. அந்த ராத்திரிகளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் சேர்த்தோம். அங்கிருந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, துணியைக் கழற்றச் சொன்னார். ஆறு வயசுப் பையன், கூச்சத்தில் நெளிந்தான். "ஒரு நிமிஷம் கண்ணா" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். அருணாக்கயிற்றை விலக்கியதும் அவர் கை நின்றது. சிகரெட்டால் சுட்டது போல வட்டமாக ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியோ அரிப்போ இல்லாததால் பிள்ளை எதுவும் சொல்லவில்லை.

"ஸ்க்ரப் டைபஸ்ம்மா, உண்ணிக்காய்ச்சல். மருந்து இருக்கு, பயப்படாதீங்க" என்றார். எலிகள் நடமாடும் புதர்களில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடம் அது. கண்ணுக்கே தெரியாத அளவுதான் இருக்குமாம். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். என் தங்கை போனில் தேடி, சிவப்பு வளையமாகப் படரும் லைம் நோய்ப் படத்தைக் காட்டிக் கேட்டாள். அது வேறு உண்ணி, வேறு கிருமி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் அதிகம் என்று பொறுமையாகச் சொன்னார்.

நோயை உறுதி செய்ய எலைசா என்ற பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் அன்றே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பல் கறையாகும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கேட்டேன். சில நாள் மட்டும் கொடுப்பதில் அந்தக் கவலை வேண்டாம், தாமதித்தால்தான் நுரையீரல், மூளை, சிறுநீரகம் வரை பாதிக்கும் என்றார். பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் செல்லாதாம்.

48 மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் என்றார். அதற்கு முன்பே உடம்பு குளிர்ந்து, பிள்ளை இட்லி கேட்டான். எலைசா முடிவும் அதையே உறுதி செய்தது.

இன்னொன்றையும் அந்த டாக்டர் அழுத்திச் சொன்னார்: இந்தப் பொருக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது. அது இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. புதர்ப்பக்கம் விளையாடுகிற பிள்ளை என்றால் அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.