டிவி இல்லாத வீட்டுக்கும் டிவி லைசென்ஸ்

இங்கிலாந்தில் வாடகை வீடு மாறிய எல்லோருக்கும் அந்தக் கடிதம் பழக்கம். உறையில் நம் பெயர் இருக்காது, வீட்டில் குடியிருப்பவருக்கு என்று மட்டும் இருக்கும். இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் இல்லை, உடனே கவனிக்கவும் என்பது சாரம். டிவி லைசென்ஸ் என்றால் டிவி பார்க்க இங்கே வீட்டுக்கு வீடு வருடா வருடம் கட்டும் கட்டணம், பிபிசியை நடத்தப் போகும் பணம். லண்டனில் ஹாரோ பக்கம் நாங்கள் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த சில வாரங்களில் எங்களுக்கும் வந்தது. அப்போது வீட்டில் டிவி பெட்டியே கிடையாது. ஒரு லேப்டாப், ஆளுக்கொரு போன், அவ்வளவுதான்.

நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். டிவி இல்லையென்றால் கட்டவே வேண்டாம் என்றார் ஒருவர். டிவி சுவரில் மாட்டியிருந்தாலே கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். பிபிசி பார்த்தால்தான் கட்டணம், நாம் பார்ப்பது தமிழ் சேனல்தானே என்றார் மூன்றாமவர். இந்த மூன்றாவது கட்சிதான் நம் ஆட்களிடம் பலமானது. விதிகளை உட்கார்ந்து படித்தபோது மூன்றுமே பொருந்தவில்லை.

விதி உண்மையில் இரண்டு கேள்விதான். எந்தச் சேனலையாவது, எந்தச் சேவையிலாவது நேரலையாகப் பார்க்கிறீர்களா, அல்லது பதிவு செய்கிறீர்களா? பிபிசியின் சொந்த ஓடிடி சேவையான ஐபிளேயரில் எதையாவது பார்க்கிறீர்களா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் லைசென்ஸ் வேண்டும். பெட்டியா, லேப்டாப்பா, போனா என்பது கணக்கில் வராது. சேனல் எந்த நாட்டுடையது, எந்த மொழி என்பதும் வராது. புதிய தலைமுறையோ தந்தி டிவியோ யூடியூபில் 24 மணி நேரமும் நேரலையில் ஓடிக்கொண்டிருக்கும். லண்டன் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் அதுவும் நேரலை டிவிதான். அமேசான் பிரைமில் நேரலையாக வரும் கால்பந்தும் அப்படியே. பத்து நிமிடம் தாமதமாகப் பார்த்தேன், நடுவில் நிறுத்திப் பார்த்தேன் என்பதெல்லாம் செல்லாது.

மறுபக்கம், நெட்ஃபிளிக்ஸ் படம், டிஸ்னி பிளஸ் தொடர், ஐடிவி சேனலின் ஐடிவிஎக்ஸ் ஆப்பிலோ சேனல் 4 ஆப்பிலோ பிறகு பார்க்கும் நிகழ்ச்சி, யூடியூபில் ஏற்றி வைத்த வீடியோ, டிவிடி, எதற்கும் லைசென்ஸ் தேவையில்லை. ரேடியோவுக்கும் 1971 முதல் கிடையாது. ஐபிளேயரில்கூட முன்பு நேரலை அல்லாத நிகழ்ச்சிகளை லைசென்ஸ் இல்லாமல் பார்க்க முடிந்தது. 2016 செப்டம்பர் 1 அன்று அந்த வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

நாங்கள் அப்போது பார்த்தது ஓடிடி படங்களும் யூடியூப் சமையல் வீடியோக்களும்தான். அதனால் இணையதளத்தில் போய் லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்துவிட்டோம். கஷ்டமே இல்லை. பெயர், முகவரி, இன்னது இன்னது பார்ப்பதில்லை என்ற உறுதி, அவ்வளவுதான். அறிவிப்பு பொதுவாக இரண்டு வருடம் நிற்கும், அப்புறம் திரும்பக் கேட்பார்கள். இடையில் சரிபார்க்க ஆள் வரலாம். அப்படி வருபவர் நம் அனுமதி இல்லாமலோ நீதிமன்ற வாரன்ட் இல்லாமலோ உள்ளே நுழைய முடியாது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

2025 கோடையில் மாமனாரும் மாமியாரும் திருச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்தார்கள். ஆறு மாதம் வரை இருக்கலாம் என்ற விசா. சாயங்கால சீரியல் அங்கே ஓடும் நேரத்திலேயே இங்கேயும் ஓட வேண்டும் என்பது மாமியாரின் ஒரே கோரிக்கை. அங்கே இரவு எட்டு என்றால் கோடையில் இங்கே பிற்பகல் மூன்றரை, சாப்பாட்டுக்குப் பிறகு தோதான நேரம். மறுநாள் ஆப்பில் வருவதைப் பார்க்கலாமே என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. அதற்குள் பெரிய அக்கா போனில் கதை முழுக்கச் சொல்லிவிடுவாராம். மாமனாருக்கோ காலையில் எழுந்ததும் நேரலைச் செய்தி ஓடியாக வேண்டும்.

சரி, லைசென்ஸ் எடுத்துவிடுவோம் என்றேன்.

"இங்க டிவி பார்க்கக்கூட கவர்மென்ட்டுக்குக் காசு கட்டணுமா மாப்பிள்ளை?" என்று மாமியாருக்கு ஆச்சரியம். மாமனார் அசரவில்லை. "நம்ம ஊர்ல ரேடியோவுக்கே கட்டினோமே. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல புக்கைக் கொடுத்து ஸ்டாம்ப் ஒட்டிட்டு வருவோம்" என்றார். அவர் சொன்னது உண்மை. எண்பதுகளில் இந்தியா அந்தக் கட்டணத்தைக் கைவிடும்வரை ரேடியோ பெட்டிக்கும் டிவிக்கும் லைசென்ஸ் புத்தகம் இருந்தது.

நாங்கள் எடுத்த 2025-இல் லைசென்ஸ் கட்டணம் வருடத்துக்கு 174.50 பவுண்டு. கறுப்பு வெள்ளை டிவிக்கு என்று ஒரு லைசென்ஸ் இன்னமும் இருக்கிறது, அப்போது அது 58.50 பவுண்டு, யார் வாங்குகிறார்களோ! லைசென்ஸ் இல்லாமல் பார்த்துப் பிடிபட்டால் இங்கிலாந்தில் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம், வழக்குச் செலவு தனி.

மாதத் தவணையில் கட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 174.50-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பதினாலரை பவுண்டு வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன், திரையில் 29 பவுண்டு என்று நின்றது. முதல் லைசென்ஸின் முழுத் தொகையையும் ஆறே மாதத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த லைசென்ஸிலிருந்துதான் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து வாங்குவார்கள். ஆறு மாதத்தில் நிறுத்திவிடும் எண்ணம் இருந்ததால் நான் மொத்தமாகவே கட்டிவிட்டேன். எப்படிக் கட்டினாலும் ஆறாவது மாத முடிவில் கணக்கு ஒன்றுதான்.

லைசென்ஸ் முகவரிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வீட்டில் எத்தனை பேர் எத்தனை திரையில் பார்த்தாலும் ஒன்று போதும். இதில் மாட்டிக்கொள்பவர்கள் அறை வாடகைக்கு இருப்பவர்கள். எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வீட்டுக்கு ஒன்று. அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் அவரவர் அறைக்கு அவரவர்தான் எடுக்க வேண்டும். அதனால் வாடகை ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

இந்த விதிகளிலேயே எனக்குப் பிடித்தது பேட்டரி விதி. மான்செஸ்டரில் படிக்கும் அக்கா பையன் லெஸ்டரில் இருக்கும் தன் பெற்றோர் வீட்டு லைசென்ஸை வைத்தே ஹாஸ்டல் அறையில் கிரிக்கெட் பார்க்கலாம். ஆனால் அவனுடைய லேப்டாப் அதன் சொந்த பேட்டரியில் ஓட வேண்டும். சார்ஜரைச் சுவரில் செருகிய நிமிடம் அது ஹாஸ்டல் முகவரியில் பார்ப்பதாக ஆகிவிடும், அதற்குத் தனி லைசென்ஸ். இதைச் சொன்னபோது அவன் நான் கேலி செய்கிறேன் என்றே நினைத்தான். நண்பர் வீட்டில், காபி கடையில் போனில் பார்ப்பதற்கும் இதே விதி. ரயிலிலோ காரிலோ என்றால் செருகினாலும் பரவாயில்லை என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். டெஸ்ட் போட்டியின் கடைசி ஒரு மணி நேரம், பேட்டரியில் நாலு சதவீதம். அந்த நேரத்தில் எந்த மாணவன் சட்டப் பிரிவை நினைப்பானோ!

வெளிநாடு போனால் இந்த லைசென்ஸால் பயன் இல்லை. டிசம்பரில் சென்னைக்குப் போன என் மனைவி ஐபிளேயரைத் திறந்தபோது, இது பிரிட்டனுக்குள் மட்டும்தான் ஓடும் என்று சொல்லிவிட்டது. லைசென்ஸ் கட்டுபவர் என்று நிரூபிக்க வழியே இல்லை. நிகழ்ச்சிகளின் உரிமை பிரிட்டனுக்கு என்று வாங்கப்பட்டது, அதனால் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைத்தான் அந்தச் சேவை பார்க்கிறது. கிளம்பும் முன்பே போனில் டவுன்லோட் செய்து வைத்தவை மட்டும் விமானத்திலும் சென்னையிலும் ஓடின. அடுத்த முறை போகும்போது டவுன்லோடுதான் முதல் வேலை.

இந்தத் தொல்லை பற்றி ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்களிடம் புலம்பினால் சிரிக்கிறார்கள். ஜெர்மனியில் 2013 முதல் நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம், 2021-லிருந்து மாதம் 18.36 யூரோ. சுவிட்சர்லாந்தில் வருடம் 335 பிராங்க். அதையே ஒழிக்க 2018-இல் பொது வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் பெரும்பான்மையாக ஒழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரான்ஸ் 2022-இல் எடுத்தேவிட்டது. எனக்கு ஜெர்மன் முறை நியாயமாகப் படவில்லை, ஆனால் குழப்பம் இல்லாத முறை அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். சார்ஜர் செருகியிருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

மாமனார் மாமியார் ஊர் திரும்பியதும் லைசென்ஸை ரத்து செய்தோம். காலாவதிக்கு முன் மறுபடி தேவைப்படாது என்றால், முழு மாதமாக எத்தனை மீதமிருக்கிறதோ அதற்குப் பணம் திரும்பக் கிடைக்கும். ஒரு மாதமாவது முழுதாக இருக்க வேண்டும். டைரக்ட் டெபிட்டில் கட்டுபவர்கள் வங்கியில் மட்டும் நிறுத்தினால் போதாது, லைசென்ஸையும் தனியாக ரத்து செய்ய வேண்டும். ஊரைவிட்டே போகிறவர்களுக்கும் இதே வழிதான். பலர் உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸுக்குச் சொல்கிறார்கள், மின்சாரத்துக்குச் சொல்கிறார்கள், இதை விட்டுவிடுகிறார்கள். வேறு வீடு மாறுவதானால் ரத்து வேண்டாம், முகவரியை மாற்றினால் போதும். மூன்று மாதம் முன்கூட்டியே சொல்லலாம்.

ரத்து செய்த கையோடு பழையபடி தேவையில்லை என்ற அறிவிப்பையும் கொடுத்துவிட்டோம், இல்லாவிட்டால் அந்தப் பெயரில்லாக் கடிதம் திரும்ப வரத் தொடங்கும். பிபிசி எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 வரை. அதற்குப் பிறகு இந்தக் கட்டணமே வேறு வடிவம் எடுக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. மாமியார் அடுத்த கோடையிலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே எங்களுக்கு இன்னொரு லைசென்ஸ் நிச்சயம்.