லெட்டர்பேடு இல்லாத நாடகக் குழுவும் என் ஆய்வேடும்

கலை மேலாண்மையில் முதுகலை ஆய்வேட்டை ஒருவழியாகச் சமர்ப்பித்துவிட்டேன். தலைப்பு, முன்மொழிவு, நெறியாளர் கையெழுத்து எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அப்புறம்தான் ஆட்டமே ஆரம்பம்.

சிறிய நாடகக் குழுக்களின் செலவு ஏறும் வேகத்துக்கு அரசு நல்கை (மானியம்) ஈடுகொடுக்கிறதா என்பதுதான் என் கேள்வி. 1966இல் பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் விளக்கிய 'செலவு நோய்' துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வர் வேண்டும், சம்பளம் மட்டும் மற்ற தொழில்களோடு சேர்ந்து ஏறும். இதைச் சோதிக்கக் குழுக்களின் கணக்கும் மேலாளர்களின் நேர்காணலும் தேவை. நேர்காணல் என்றாலே நெறிமுறைக் குழுவின் அனுமதி.

படிவம் திரும்பி வந்தது. நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் லெட்டர்பேடில், முத்திரையுடன் இல்லையாம். நான் பேசவிருந்த குழுக்களில் பலவற்றுக்குப் பதிவே கிடையாது. ஒத்திகை நடக்கும் இடம்தான் அலுவலகம், ஒருவருடைய கைப்பேசிதான் கணக்குப் புத்தகம். முத்திரைக்கு எங்கே போக? எழுத்தரிடம் விளக்கினேன். "முத்திரை இல்லையென்றால் அது நிறுவனமே இல்லை" என்றார். நிறுவனமே இல்லையென்றால் நிறுவன அனுமதி எதற்கு என்று கேட்டேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று பதில் வந்தது!

வழி சொன்னவர் நெறிமுறைக் குழுவிலேயே இருந்த ஒரு மானுடவியல் ஆசிரியர். அந்தக் கட்டத்தில் 'பதிவில்லாத குழு' என்று எழுதி, ஒவ்வொரு உறுப்பினரிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குவதாக ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். அதே எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டார். எழுத்தரோடு மல்லுக்கட்டுவதை விட்டு நேரே நெறிமுறைக் குழு உறுப்பினரைப் பிடியுங்கள்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். இது சின்ன உலகம். 'பொம்மலாட்டக் குழுவின் பெண் மேலாளர்' என்று எழுதினாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நல்கை தருபவரைப் பற்றி அவர் குறை சொல்லியிருந்தால் அடுத்த ஆண்டு விண்ணப்பம் என்ன ஆகும்? நான் மேற்கோள்களை முதலில் பேசியவர்களுக்கே அனுப்பினேன். ஒருவர் இருந்ததிலேயே சிறந்த வரியை அடித்துவிட்டார். அது என்னவென்று இங்கேயும் சொல்ல முடியாது. வயிற்றெரிச்சல்தான்.

நல்கை பெற்றவர்களின் பட்டியல், அதைத் தரும் அலுவலகத்தின் ஆண்டறிக்கைப் பின்னிணைப்பில் கிடைத்துவிடும். கிடைக்காதது நிராகரிக்கப்பட்டவர்களின் விவரம். அது இல்லாமல் பணம் வாங்கிப் பிழைத்த குழுக்களை மட்டும் பார்த்தால், நல்கை பிரமாதமாக வேலை செய்வது போலத்தான் தெரியும். "தேறாதவங்க லிஸ்ட்டை வைத்து என்ன செய்யப் போறீங்க?" என்றார் அங்கிருந்த அலுவலர். இன்னொரு நாள் போனால் அலமாரிச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில். கடைசியில் பெயர்களைக் கேட்பதையே விட்டேன். ஆண்டுவாரியாக, கலைவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை தேறியது என்று எண்ணிக்கை மட்டும் எழுத்தில் கேட்டேன். வந்துவிட்டது. பெயரில்லாத எண்ணைத் தர யாருக்கும் பயமில்லை.

எண்களிலும் ஒரு பள்ளம். நாடக விழாக்களுக்கான பணம் நடுவில் ஓர் ஆண்டிலிருந்து வேறு கணக்குத் தலைப்புக்கு மாறியிருந்தது. வரைபடத்தில் பார்த்தால் நாடக நல்கை திடீரென்று சரிந்தது போல இருக்கும். யுனெஸ்கோவின் 2009 பண்பாட்டுப் புள்ளிவிவரச் சட்டகம் நிகழ்கலைகளையும் விழாக்களையும் ஒரே பிரிவில் வைக்கிறது. அதன்படி எல்லா ஆண்டுகளையும் திரும்ப வகைப்படுத்தினேன். சலிப்பான வேலை, ஆனால் சரிவு காணாமல் போனது.

துறைவாரி ஒதுக்கீட்டை மட்டும் 'உள் ஆவணம்' என்று சொல்லி அந்த அலுவலர் தர மறுத்துக்கொண்டே இருந்தார். பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மைத்தன்மை பற்றிய யுனெஸ்கோவின் 2005 உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அவை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. அலுவலகப் படியேறுவதற்கு முன் உங்கள் நாட்டு அறிக்கையைத் தேடிப் படித்துவிடுங்கள். நான் தேடியபோது அதே ஒதுக்கீடு ஓர் ஆண்டுக்கு அச்சுப் பிசகாமல் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்சிட்டுப் போய் அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாவது முறை படித்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, மற்ற ஆண்டுகளுக்கும் நகல் எடுத்துத் தரச் சொன்னார்.