வெட்டிய ஆண்டு தெரியாத விறகு வரைபடம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் விறகு என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். அடுப்புக்குப் போகும் சுள்ளியும், கரிமூட்டத்தில் அடுக்கும் கட்டையும், மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்கு லாரியில் ஏறும் பாரமும் அதுவே. அம்மரம் எங்கெங்கே, எவ்வளவு நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் கொண்டு வரைபடமாக்கும் பணியில் இருக்கிறேன். அதில் எது எளிது, எது அரிது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று தோன்றியது.

மரம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. சரியான மாதத்துப் படத்தை எடுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் நெல், புல், புதர் யாவும் பச்சையாகவே தெரியும். கோடையிலோ அறுவடை முடிந்து, புல் கருகி, நிலம் வெளுத்துக் கிடக்க, ஆழமாக வேரோடிய சீமைக்கருவேலம் மட்டும் இலையோடு நிற்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் சதுரம்), ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசமாகக் கிடைப்பதால், கோடையின் மேகமற்ற நாட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிகிறது.

கண்மாய்களுக்குள் நிலைமை வேறு. சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை நட்ட நாட்டுக் கருவேலமும் அங்கே கோடையில் பச்சையாகவே நிற்பதால், கணினி இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. அருகில் போய் நின்றால் குழப்பமே இல்லை: நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமணியாக இறுகிய மாலை; சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் கதிர், காய் இடையிடையே இறுகாமல் தட்டையாக நீண்டது. ஆகையால் கண்மாய்களில் களப்புள்ளிகளை, அதாவது நேரில் போய் எந்த மரம் என்று குறித்துக்கொள்ளும் இடங்களை, கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கிறது. அப்புள்ளிகள் சாலையோரத்திலேயே குவிந்துவிடக் கூடாது. வண்டி போகும் வழியில் மட்டும் சரிபார்த்த வரைபடம் அந்த வழிக்கு மட்டுமே பொருந்தும். முள்ளுக்குள் நடந்து போய்ப் பார்த்த இடங்களே அதன் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கின்றன.

உண்மையில் கடினமான கேள்வி, எவ்வளவு விறகு என்பதுதான். சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகள் ஒன்றாகக் கிளம்பி, ஓரிரு மழைக்காலத்திலேயே தழை மூடிவிடுகிறது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அந்த இளங்கிளைப் புதரும், பல ஆண்டுகள் வெட்டுப்படாத தோப்பும் ஏறக்குறைய ஒரே பச்சைதான். ஆனால் முன்னதில் சுள்ளிக்கு மேல் எதுவும் தேறாது, பின்னதில் மூட்டத்துக்கு உரிய கட்டை கிடைக்கும். களத்திலும் வழக்கமான முறை கைகொடுப்பதில்லை. மார்பு உயரமான 1.37 மீட்டரில் சுற்றளவு எடுப்பது ஒற்றைத் தண்டுள்ள மரத்துக்கே பொருந்தும். இங்கே தரையை ஒட்டியே பல தண்டுகளாகப் பிரிந்துவிடுவதால், ஒவ்வொரு தண்டையும் அடியில் தனித்தனியாக அளக்க வேண்டியிருக்கிறது. மூட்டம் போடுபவர்களோ தூரின் பருமனையும் வெட்டுவாயையும் பார்த்தே, முன்பு எப்போது வெட்டியது, இப்போது வெட்டுக்கு வந்துவிட்டதா என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களை உடன் அழைத்துச் செல்லாத கள ஆய்வு பாதி ஆய்வுதான் என்பது என் உறுதியான கருத்து.

அவர்கள் சொல்வதைப் படங்களோடு பொருத்திப் பார்க்கவும் வழியுண்டு. ஓரிடத்தின் பச்சையை ஆண்டுவாரியாக அடுக்கினால், வெட்டிய கோடையில் அது திடீரென வீழ்ந்து, பிறகு மீள்வது தெரியும். சென்டினல்-2 வரிசை 2015-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு, நுணுக்கம் 30 மீட்டர்தான் என்றாலும், லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் இருக்கின்றன.

ஆகவே எங்கள் வரைபடத்தில் இனத்தின் பெயரோடு, கடைசியாக வெட்டுப்பட்ட ஆண்டும் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்தி வருகிறேன். இம்மரத்தை அகற்றுவது குறித்த பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை ஏக்கர் என்ற எண்ணே முன்னால் வைக்கப்படுகிறது. எந்தக் கண்மாயை முதலில் சுத்தம் செய்யலாம், எந்தத் தரிசை விறகுக்காக இன்னும் சில ஆண்டுகள் விட்டுவைக்கலாம் என்று ஊராட்சி முடிவெடுக்க அந்த எண் உதவாது. வெட்டிய ஆண்டு உதவும்.