வங்கிச் சுவரில் பூக்கும் உப்பு

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரின் பீச் ஸ்திரீட்டில் நடப்பவர்கள் வங்கிக் கட்டடங்களின் தூண்களை அண்ணாந்து பார்ப்பார்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் எனக்கோ கண் முதலில் சுவரின் அடிப்பகுதிக்குத்தான் போகும்.

ஒரு காலத்தில் இந்தத் தெருவின் ஓரம்வரை கடல் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்த பிறகே வெல்டு கீ என்னும் கடலோரச் சாலை உருவானது. சார்ட்டர்டு வங்கி 1875-இலும் ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884-இலும் பினாங்குக்கு வந்தன. பக்கத்துப் பினாங்கு ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் எனப்பட்ட வட்டிக்கடைகளில் பணப்பெட்டியடியில் அமர்ந்திருந்த செட்டிநாட்டு நகரத்தார், இத்தகைய வங்கிகளில் வாங்கிய பணத்தைச் சிறு வணிகர்களுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். கிட்டங்கிக்குக் கணக்கேடும் வாக்கும் போதும். முன்பின் அறியாதவரின் பணத்தை வாங்கி வைக்க வேண்டிய வங்கிக்குத்தான் தூணும் குவிமாடமும் தேவைப்பட்டன என்று நினைக்கிறேன். அந்தத் தூண்களில் பல, உள்ளே வெறும் செங்கல்; கல்லென்று தோன்றுவது மேலே பூசிய காரையின் கைவண்ணம்.

அப்படியொரு கட்டடத்தில் வேலை செய்தோம். முன்பு எப்போதோ பழுதுபார்த்தவர்கள் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்வைக்கு உறுதியான பூச்சு. செங்கல்லுக்கு அதுவே கேடு. மண்ணிலிருந்து ஏறும் உப்பு ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, செங்கல்லின் முகத்தை மாவாக உதிர்த்துவிடும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதிய கொத்தனார் கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக் கேட்டார். "எல்லாம் பொள்ளல், தம்பி. முழுவதையும் உரித்துவிடு. காயாமல் கை வைக்காதே" என்றார். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு அரைத்துப் பழகிய கை அவருடையது. செட்டிநாட்டுப் பணம் புழங்கிய தெருவுக்கே அந்த ஊர்க் கைத்திறனும் வந்து சேர்ந்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

உரித்த சுவரில் நனைத்த காகிதக்கூழை அப்பி உப்பை உறிஞ்ச வைத்தோம். கூழ் காய்ந்ததும் எடுத்துவிட்டுப் புதிதாக அப்பினோம். பிறகு, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை மெல்லிய அடுக்குகளாகப் பூசினோம். கட்டடத்தின் பொறுப்பாளர்களுக்கு இந்த நிதானம் பிடிக்கவில்லை; திறப்பு விழாவுக்குள் வர்ணம் வேண்டும் என்றார்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரில், ஒரு சுவர் காய்வதற்குச் சில மாதங்கள் தர இத்தனை தயக்கமா என்று எனக்குக் கோபமே வந்தது.

இப்போது நான் தயாரிக்கும் விலைப்புள்ளியில் சுவர் காயும் காலத்தைத் தனி வேலையாகவே எழுதுகிறேன். அதைக் குறைக்கக் கேட்பவர்களிடம், உதிர்ந்த செங்கல் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறேன்.