ஒரு ஃபான்ட்டுக்காகப் போனின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள்

அம்மாவின் போனில் தமிழ் மறுபடியும் வந்துவிட்டது. ஆனாலும் அதைக் கெடுத்து வைத்த போன் கடைக்காரர்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நம்மாட்கள் வீட்டில் வேறு யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா இருப்பது பர்மாவில் மோல்மினில், நான் ரங்கூனில். பக்கத்து வீட்டுக்காரர்கள் அனுப்பும் பர்மிய மெசேஜ் குழம்பித் தெரிகிறது என்று ஒரு போன் கடையில் கொடுத்திருக்கிறார். 2019 அக்டோபர் 1 முதல் அரசாங்கம் யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டுக்கு மாறிவிட்டது. ஸோஜி என்ற பழைய பர்மிய ஃபான்ட் முறையில் தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் அதே குறியீட்டு எண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால், ஒன்றின் ஃபான்ட்டில் மற்றது தாறுமாறாகத்தான் தெரியும். கடைக்காரர் “சாஃப்ட்வேர் போட்டு”க் கொடுத்தார். பர்மியம் தெரிந்தது. தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாகிவிட்டது. காரைக்குடிச் சித்தி அனுப்பிய கல்யாணச் சேதியில் தேதியும் மணியும் மட்டும் படிக்க முடிந்தது, மற்றதெல்லாம் சதுரம். மகனுக்கா மகளுக்கா கல்யாணம் என்றுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். “தமிழ் யாருக்கு வேணும், பர்மியம் தெரியுதில்ல?” என்றார். என்ன மாற்றினீர்கள் என்றதற்குப் பதிலே இல்லை. ரொம்ப வற்புறுத்திய பிறகு, “ஒரிஜினல் இதில் இருக்கு” என்று ஒரு பென் டிரைவில் ஒரு ஃபைலைப் போட்டுக் கொடுத்தார். போனையும் வாங்கிக்கொண்டு ரங்கூனுக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் தெருவில் ரிப்பேர் வேலை தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். அவன்தான் போனை, சிஸ்டம் ஏற்றுவதற்கான டவுன்லோட் மோடில் போட்டுக் காட்டினான். பூட்லோடர், அதாவது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடி, கண்ட சிஸ்டமும் ஏறாமல் காக்கும் பகுதி, திறந்து கிடந்தது. சாம்சங்கின் பாதுகாப்பு முத்திரையான நாக்ஸ் வரியில் 0x1 என்று இருந்தது, முத்திரை உடைந்துவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் ஃபான்ட்டை மட்டும் மாற்றவில்லை. கம்பெனிக்கு வெளியே யாரோ மாற்றிச் சமைத்த ரோம் ஒன்றை, அதாவது போனின் சிஸ்டத்தையே, மொத்தமாக ஏற்றியிருக்கிறார். இடம் மிச்சம் பிடிக்க அதில் பர்மியம் தவிர மற்ற மொழி ஃபான்ட்டுகளைக் கழித்துவிட்டிருந்தார்கள். எந்த மொழிக்கு எந்த ஃபான்ட் என்று சொல்லும் பட்டியல் ஃபைலிலும் தமிழ் வரியைக் காணோம்.

அம்மாவுடையது சாம்சங். அதன் ஃபர்ம்வேர், அதாவது கம்பெனி தரும் சிஸ்டம் மென்பொருள், நான்கு துண்டாக வரும். பி.எல். என்பது பூட்லோடர். ஏ.பி.யில்தான் சிஸ்டம், கெர்னல், ரெக்கவரி எல்லாம். ஃபான்ட் இருப்பதும் அங்கேதான். சி.பி. மோடம், சிக்னல் சம்பந்தப்பட்டது. சி.எஸ்.சி. நாட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் ஏற்ற அமைப்பு, பர்மாவுக்கு எம்.ஒய்.எம். சி.எஸ்.சி.யிலேயே இரண்டு வகை உண்டு: வெறும் சி.எஸ்.சி. ஏற்றினால் போனில் இருப்பதெல்லாம் அழியும், ஹோம் சி.எஸ்.சி. ஏற்றினால் தங்கும். சமைத்த ரோமிலிருந்து திரும்பும்போது ஹோமை நம்ப முடியாது, பாதியில் நின்று திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் என்று தம்பி சொன்னான். அழித்துத்தான் ஆக வேண்டும்.

அழிக்கலாம் என்றால் அடுத்த சிக்கல். அம்மாவின் கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்ததும் அதே கடைதான். பாஸ்வேர்டு அவர்களிடம். போன் போட்டுக் கேட்டால், “தினம் எத்தனையோ பேருக்குத் திறக்கிறோம், யாருக்கு ஞாபகம் இருக்கும்?” என்றார்கள். அழித்த பிறகு அந்தக் கணக்குக்குள் நுழைய வழியே இல்லை. அப்பா இறந்த வருடத்துப் படங்கள், ஊர் உறவு நம்பர்கள் எல்லாம் அதில். காண்டாக்ட்டை ஃபைலாக எடுத்தோம், படங்களை லேப்டாப்பில் இறக்கினோம். ஒன்று கவனியுங்கள்: பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓ.இ.எம். அன்லாக் மூடியிருக்கும் போனில், கணக்கை செட்டிங்ஸில் நீக்காமல் இப்படி அழித்தால், திறக்கும்போது பழைய பாஸ்வேர்டையே கேட்டுப் பூட்டிக்கொள்ளும். கடையில் திறந்த கணக்கு உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பென் டிரைவ் ஃபைலை, சாம்சங் போனுக்கு ஃபர்ம்வேர் ஏற்றும் கம்ப்யூட்டர் மென்பொருளான ஓடினில் ஏற்றினோம். தொடங்கிய வேகத்தில் சிவப்பாகி நின்றது. போன் திரையில் “டிவைஸ் 4, பைனரி 3” என்று ஒரு வரி: போனில் இருப்பது 4, ஃபைலில் இருப்பது 3. சாம்சங் பூட்லோடரைப் பழைய பதிப்புக்குத் திரும்ப விடாது. பதிப்புப் பெயரில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்துதான் அந்த எண். கடைக்காரர் கொடுத்தது பழசு. சரி, போனில் முன்பு இருந்த பதிப்பின் முழுப் பெயர் எது? சமைத்தவர்கள் சிஸ்டத்தின் பதிப்பைக் காட்டும் பில்ட் நம்பரில் தங்கள் பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள். “அக்கா, பேஸ்பேண்டைப் பாருங்க, மோடத்தை அவங்க தொடல” என்றான் தம்பி. பேஸ்பேண்ட் என்பது மோடத்தின் பதிப்பைக் காட்டும் வரி. அங்கே சாம்சங் வைத்த பெயர் அப்படியே இருந்தது, 4 என்று. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அதே மாடலுக்கு, அதே எண்ணுள்ள எம்.ஒய்.எம். பதிப்பு நான்கு ஜிபிக்கு மேல். கரண்ட் போகும், வைஃபை விழும், டவுன்லோட் முதலிலிருந்து. டேட்டாவுக்குப் போன கியாட்டைக் கணக்குப் பார்க்கவே மனசில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடர் இல்லாமல் நம் ஊரில் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஏற்றும் நேரத்தில் கரண்ட் கட்டானாலும் லேப்டாப் தாங்க வேண்டும், இரண்டு பேட்டரியும் நிறைய இருக்கட்டும். ஓடினில் ‘நேண்ட் இரேஸ்’ என்ற கட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. இருக்கும் இ.எஃப்.எஸ். பகுதியும் போய்விடும், பிறகு சிம் போட்டும் பயனில்லை.

ஏற்றியது சுலபமாக முடிந்தது. பச்சையில் ‘பாஸ்’. *#06# அடித்துப் பார்த்தோம், ஐ.எம்.இ.ஐ. பத்திரம். பூட்லோடரைத் திரும்பப் பூட்டினோம். அது இன்னொரு தடவை எல்லாவற்றையும் அழிக்கும் என்பதால் படங்களை அதற்குப் பிறகுதான் ஏற்றினோம். திறந்த பூட்லோடரோடு பணம் அனுப்பும் செயலிகள் பல வேலை செய்யாது.

நாக்ஸ் மட்டும் 0x1தான். அது சிப்புக்குள் எரிந்துபோகும் ஃபியூஸ், ஃபர்ம்வேர் மாற்றினாலும் திரும்பாது. ரகசியப் படங்களையும் ஃபைல்களையும் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் இனி அந்தப் போனில் இல்லை. யாரையும் கேட்காமல் இதைச் செய்ய அவருக்கு என்ன உரிமை?

ஸோஜி மெசேஜை யூனிகோடாக மாற்றிக் காட்டும் ஒரு சின்னச் செயலியை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காப்பி பண்ணி ஒட்டினால் போதும், சிஸ்டத்தைத் தொட வேண்டாம். அன்றைக்கே கடையில் இதைச் செய்திருக்கலாம். இனி “சாஃப்ட்வேர் போடுகிறேன்” என்று யார் சொன்னாலும், எந்தத் துண்டை மாற்றப் போகிறாய், பூட்லோடரைத் திறப்பாயா என்று முதலில் கேளுங்கள். சொல்லத் தெரியாதவர் கையில் போனைக் கொடுக்காதீர்கள்.