ஒரு பல் தள்ளிப்போன டைமிங் செயின்

அப்பாவின் ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு டைமிங் செயினை, அதாவது என்ஜினுக்குள் கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் செயினை, வீட்டு வாசலிலேயே மாற்றி முடித்துவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

வண்டியை ஐடிலிங்கில் விட்டால் இடது பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். செயினை விறைப்பாக வைக்கும் டென்ஷனரைச் சரிபார்த்தும் அது போகவில்லை. சரி, செயினையே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு முழுக்கக் கழற்றும் வேலைதான். கிராங்க் முனையில் இருக்கும் மேக்னட்டைக் கழற்றும் புல்லரைத் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் இரவல் வாங்கினேன். "முழுசா உள்ள திருகிட்டு அப்புறமா இறுக்கு தம்பி, பாதியில இறுக்குனா மரை போயிரும்" என்றார். அப்படியே செய்தேன், மேக்னட் டக்கென்று விட்டது. பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பழையது ஓர் அரிசி மணி அளவு கீழே இறங்கி நின்றது. அவ்வளவு தேய்மானத்துக்கே அத்தனை சத்தம்!

அடுத்த ஞாயிறு மாட்டும் வேலை. மேக்னட்டை முதலில் பூட்டி, அதிலுள்ள 'டி' குறியைக் கேஸிங் குறிக்கு நேராக வைத்த பிறகுதான் மேலே கேம் ஸ்ப்ராக்கெட் (கேம் தண்டின் பற்சக்கரம்). அதிலுள்ள வட்டக் குறி சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். நின்றது. டென்ஷனரைப் போட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. குறிகள் பழைய இடத்துக்கே வர வேண்டும். 'டி' வந்தது, வட்டம் ஒரு பல் தள்ளி நின்றது.

செயினின் தொய்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் மாட்டியதுதான் காரணம். தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம்தான் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும். கேம் ஸ்ப்ராக்கெட்டின் மொத்தம் 28 பல்லில் ஒன்று தவறினாலும் வால்வு திறக்கும் நேரம் கிராங்க் கணக்கில் 26 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே மாறிவிடுகிறது. கையால் சுற்றிப் பார்க்காமல் நேராகக் கிக்கரை உதைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! மறுபடி கழற்றி மாட்டினேன். இந்த முறை ஆறு சுற்று சுற்றியும் குறி நகரவில்லை. டேப்பட் (வால்வு இடைவெளி) வைத்து, புது ஆயில் ஊற்றி, மூன்றாவது கிக்கில் ஸ்டார்ட்.

சாயங்காலம் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் காது இடது பக்கமே இருந்தது. மேலே ஏரிக்கரையில் நிறுத்தி ஐடிலிங்கில் விட்டேன். அப்பா குனிந்து கேட்டுவிட்டு, "வாங்குன புதுசுல இப்படித்தான்டா இருந்துச்சு" என்றார்.